வெற்றுக் கட்டம்

எங்கள் கந்தோரில் சீனி குறைந்துகொண்டே போன மாதத்தில்தான் அக்காவை நான் சரியாகக் கவனித்தேன். தேத்தண்ணி போடும் மூலையில் ஒரு சீனிப் பேணி இருந்தது. திங்கட்கிழமை நிரப்பினால் புதன்கிழமை அடி தெரியும். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வாகனம் ஓட்டுபவர், "எடுக்கிற ஆள் கையைத் தூக்குங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்று பகிடி விட்டார். அக்கா மட்டும் தன் கதிரையில் இருந்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"ஆர் எடுத்தது எண்டதை விடுங்கோ. ஆரால ஏலும் எண்டு பாப்பம்."

சொன்னதோடு நிற்கவில்லை. எடுக்க முடிந்தவர்கள் எல்லோரையும் பென்சிலால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதத் தொடங்கினார். கந்தோரில் இருக்கும் பதினேழு பேர், வாயிற்காவலர், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருபவர். கடைசியில், பேணியின் மூடி உடைந்திருப்பதையும் அந்த யன்னலுக்குக் கம்பி இல்லாததையும் பார்த்துவிட்டு, "அணில்" என்று எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த நாள் இறுக்கமான மூடியுள்ள ஒரு பேணியைத் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகும் சீனி குறைந்தது, ஆனால் பழையபடி இல்லை. ஆகவே அணிலும் இருந்திருக்கிறது, அணில் அல்லாத ஒருவரும் இருந்திருக்கிறார். அந்த இரண்டாவது ஆளைப் பற்றி அவர் அக்கறைப்படவே இல்லை. எனக்கோ அது யார் என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை.

அவருடைய பெயரை இங்கே எழுதுவது அவருக்குப் பிடிக்காது என்று நினைக்கிறேன். நாங்கள் அக்கா என்றோம். அவர் இல்லாத நேரத்தில் இளம் பெடியள் "ஆரால ஏலும் அக்கா" என்றார்கள். அது அவருக்குத் தெரியும். கோபிக்கவில்லை.

கிளிநொச்சியில், ஏ-ஒன்பது வீதியிலிருந்து சற்று உள்ளே இருந்தது எங்கள் கந்தோர். மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றின் அலுவலகம். நான் அங்கே சேர்ந்தபோது என் மகளுக்குப் பத்து மாதம். கணினியில் டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு, தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. மகளை மாமியிடம், கணவரின் தாயிடம், விட்டுவிட்டு வருவேன். பத்து மணிக்கு ஒரு தரம், பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம் கைபேசியில் கூப்பிட்டு, பிள்ளை சாப்பிட்டதா, நித்திரையா, யன்னல் பூட்டியிருக்கிறதா என்று கேட்பேன். மாமி ஒருநாள், "உனக்குச் சந்தேகம் எண்டால் நீயே வந்து பார் பிள்ளை" என்று வைத்துவிட்டார். அன்று முழுவதும் மாமியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா ஜெயபுரத்துக்காரர். அவருடைய தகப்பனின் குடும்பம் மலையகத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து அங்கே குடியேறியது. எங்களைப் போலத்தான் கதைப்பார். கோபம் வந்தால் மட்டும் தகப்பன் வீட்டுப் பேச்சு வந்துவிடும். "ஓம்" என்பவர் "ஆமா" என்பார். களத்தில் முழங்காலில் நின்று, கையளவு மண்ணாகத் தேடித்தேடி மிதிவெடி எடுத்தவர் அவர். ஒருநாள் லொறியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டது. வெடியால் அல்ல, வாழைப்பழத் தோலால் என்று அவரே சொல்வார். அதன் பிறகு கந்தோருக்கு மாற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் ஆறு மாதம் தங்கி, இந்தத் தரவுத்தளத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதையெல்லாம் அக்கா ஒரு பெரிய கொப்பியில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே, அது என்ன செய்யும் என்பதைத் தமிழில், சமையல் குறிப்பைப் போல எழுதியிருந்தார்.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிதிவெடி இருக்கும் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் கொடுப்பார்கள். கணினி வரைபடத்தில் அந்தத் துண்டு சிவப்பாக இருக்கும். வெடி எடுத்து முடித்து, பரிசோதகர் பார்த்துக் கடிதம் கொடுத்த பிறகு அது பச்சையாகும். பச்சையாக்குவதற்குத் தரவுத்தளத்துக்குள் ஒரு பங்ஷன், கூப்பிட்டால் ஓடும் ஒரு கட்டளைத் தொகுதி, எழுதி வைத்திருந்தார்கள். பாடப்புத்தகத்தில் இதைச் சார்பு என்று படித்திருந்தேன். கந்தோரில் எல்லோரும் பங்ஷன் என்றே சொன்னார்கள். அதற்குப் பெயர் 'விடுவி'. காணித் துண்டின் இலக்கத்தைக் கொடுத்தால் போதும். வரைபடத்தை அது பச்சையாக்கும், உரிமையாளருக்கு அறிவிக்கும் பட்டியலில் சேர்க்கும், எல்லையில் ஊன்றிய சிவப்புத் தலைக் குச்சிகளைப் பிடுங்கும் குழுவுக்கும் இலக்கத்தை அனுப்பும். அதை ஓட்டும் பொத்தான் எல்லோருடைய திரையிலும் இருந்தது. ஆனால் அதை அழுத்தக்கூடியவர்கள் இரண்டே பேர்: எங்கள் முகாமையாளரும் பரிசோதகரும். வேறு யார் அழுத்தினாலும் 'அனுமதி இல்லை' என்று வரும்.

அக்காவின் காலைகள் ஒரேமாதிரியானவை. எட்டேகாலுக்கு வருவார். களத்தில் காலுக்குப் போட்ட சப்பாத்தைத்தான் கந்தோருக்கும் போடுவார். காலை நீட்டி இன்னொரு கதிரையில் வைத்துக்கொண்டு, கறுப்புத் திரையைத் திறந்து, பங்ஷன்களின் பட்டியலை வரவழைப்பார். நீளமான பட்டியல். இடப்பக்கம் பங்ஷனின் பெயர், கடைசிக் கட்டத்தில் அதை யார் யார் ஓட்டலாம் என்ற விபரம். மற்றவர்கள் பத்திரிகை வாசிப்பதுபோல அதை மேலிருந்து கீழே வாசிப்பார்.

முதல் கிழமையில் எனக்கும் வாசிக்கக் காட்டித்தந்தார். முகாமையாளரின் பெயர், ஒரு சமன் குறி, பிறகு எக்ஸ் என்ற எழுத்து, ஒரு சரிவுக்கோடு, கடைசியில் இன்னொரு பெயர். இவ்வளவும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"சமன் குறிக்கு முன்னால கிடக்கிறது ஏலுமான ஆள். எக்ஸ் எண்டால் ஓட்டலாம். கோட்டுக்குப் பின்னால கிடக்கிறது அனுமதி குடுத்த ஆள்" என்றார்.

"நீங்கள் ஏன் அக்கா கடைசிப் பேரை முதலில பாக்கிறியள்?"

"குடுத்த ஆள் வேலையை விட்டுப் போயிருந்தால், ஏன் குடுத்ததெண்டு ஆரைக் கேக்கிறது?"

அவருக்கே பல இடங்களில் அனுமதி இருக்கவில்லை. தேவையில்லாததையெல்லாம் தன் பெயரிலிருந்து தானே எடுத்துவிட்டிருந்தார். கந்தோர்ப் பூட்டின் திறப்பைக்கூட வாங்க மறுத்துவிட்டார். காலையில் காவலர் வந்து திறக்கும்வரை வேப்பமரத்தடியில் நிற்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னால ஏலும் எண்டால் நான் ஒருநாள் செய்வன். எனக்கு என்னைத் தெரியும்."

முன்பு அப்படி எதைச் செய்தார் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் தெரியாது.

மகள் தவழ்ந்து முடித்து எழுந்து நடக்கப் பார்த்த நாட்களில், என் பயங்களை அவரிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கிணறு, தெருவுக்குத் திறக்கும் படலை, மாமியின் அடுப்பு. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்துகொண்டு, நோகிற காலை நீட்டியபடி, கைகளை ஊன்றி ஊன்றி நகரத் தொடங்கினார். மகள் பெரிய விளையாட்டென்று நினைத்துக் கூடவே தவழ்ந்தாள். மாமி கதவு நிலையில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"இவளின்ர உயரத்தில நிண்டு பாக்கோணும். இவளால என்ன ஏலும் எண்டு" என்று சொல்லிக்கொண்டே அலுமாரியின் அடித்தட்டில் கையை விட்டார். எலி நஞ்சுப் பொட்டலம் ஒன்று வந்தது. எத்தனை காலம் அங்கே கிடந்ததோ.

மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த வீட்டில ஆர் பிள்ளைக்கு நஞ்சு குடுக்கப்போகினம்?"

"ஒருத்தரும் குடுக்கமாட்டினம் அம்மா. எடுக்க ஏலும். அவ்வளவுதான்."

அவர் போன பிறகு மாமி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் அடித்தட்டு முழுவதையும் காலி செய்துவிட்டார். அக்காவை எனக்குப் பிடித்தது. அதேவேளை, மனிதர்களை நல்லவர் கெட்டவர் என்று பார்க்காமல், கை எவ்வளவு தூரம் எட்டும் என்று மட்டும் பார்க்கும் அந்தக் கண்ணைப் பார்த்தால் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. என்னைப் பார்க்கும்போதும் அப்படித்தான் பார்க்கிறாரா?

அவர் முழங்கால் சத்திரசிகிச்சைக்காக வவுனியாவுக்குப் போனபோது நான் தனித்துவிட்டேன். போகும்போது கொப்பியை என் மேசையில் வைத்துவிட்டு, "அவசரமில்லாததைத் தொடாதையும்" என்றார். இரண்டாம் நாளே முகாமையாளர் வந்து, 'விடுவி' பங்ஷன் இனிமேல் பரிசோதகரின் கடித இலக்கத்தையும் கேட்க வேண்டும் என்றார். நல்ல மாற்றம்தான். ஆனால் கேட்கும் விபரங்கள் மாறினால், பழைய பங்ஷனை அழித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். கொப்பியைப் பார்த்து எழுதினேன். மாதிரித் தரவுகளில் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பழையதை அழித்துப் புதியதை வைத்தேன்.

வைத்த கையோடு, அக்கா செய்வதுபோலவே பட்டியலை வரவழைத்தேன். எல்லாப் பங்ஷனுக்கும் நேரே கடைசிக் கட்டத்தில் பெயர்கள் இருந்தன. 'விடுவி'க்கு நேரே ஒன்றும் இல்லை. வெற்றுக் கட்டம்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. பூட்டிக் கிடக்கிறது என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குப் பதினான்கு வயதில், போர் முடிந்து நாங்கள் முகாமில் இருந்த காலத்தில், தண்ணீருக்கும் பட்டியல், அரிசிக்கும் பட்டியல். அதற்கு முன்பு ஒருதரம் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டப் போனபோது, பாஸ் துண்டில் நாலு பேரின் பெயர் இருந்தது, தம்பியின் பெயர் விடுபட்டிருந்தது. அம்மா கெஞ்சிப் பார்த்தார். அன்று பகல் முழுவதும் தெருக்கரையில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தோம். பெயர் எழுதாத இடத்தில் வழி இல்லை என்பதை யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. அது எனக்குள் கிடந்தது. அக்காவும் வெற்றுக் கட்டத்தைப் பற்றிச் சொல்லித்தந்ததில்லை. அவர் வைத்திருந்த பட்டியலில் அப்படியொரு கட்டம் ஒருநாளும் இருந்ததில்லை.

முகாமையாளருக்கும் பரிசோதகருக்கும் அடுத்த நாள் அனுமதி எழுதலாம் என்று இருந்தேன். அதற்கு முன்பே, பின்னேரம் முகாமையாளர் கடந்து போகும்போது, "பிள்ளை, புதுசு நல்லா வேலை செய்யுது" என்றார். பூட்டிக் கிடப்பது இவருக்கு எப்படி வேலை செய்கிறது? பெரியவர், அவருக்கென்று தனி வழி ஏதாவது இருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். மகளுக்குக் காய்ச்சல் என்று மாமி கூப்பிட்டார். எழுந்து போய்விட்டேன். அனுமதி எழுதுவது மறந்தே போயிற்று.

அதற்கு அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை காலை அக்கா ஊன்றுதடியோடு வந்தார். அவருக்கென்று ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. பட்டியலைத் திறந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இதென்ன?"

"விடுவியை மாத்தினனான் அக்கா. முகாமையாளர் சேர் கேட்டவர். பயப்படாதையுங்கோ, ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. பூட்டித்தான் கிடக்கு."

"பூட்டிக் கிடக்கெண்டு ஆர் சொன்னது?"

"கட்டம் வெறுமையாத்தானே கிடக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாயிற்காவலர் வரவு பதியும் கணினிக் கணக்கு ஒன்று இருந்தது. எங்கள் கணக்குகளில் எல்லாவற்றிலும் கீழானது அது. அந்தக் கணக்கால் 'விடுவி'யை ஓட்ட ஏலுமா என்று தரவுத்தளத்திடமே கேட்டு ஒரு வரி தட்டினார். ஆம் என்பதற்கான ஒரே எழுத்து பதிலாக வந்தது. ஏலும்.

"புதுசா ஒண்டைச் செய்தால் அது எல்லாருக்கும் திறந்துதான் பிறக்கும். நாங்கள்தான் பூட்டோணும். வெறுமையா கிடந்தால், இன்னும் ஒருத்தரும் கை வைக்கேல்லை எண்டு அர்த்தம்" என்றார். பிறகு சின்னக் குரலில், "இதைக் கண்டுபிடிச்சவையின்ர ஊரில பேர் எழுதாட்டி வழி விடுவினம் போல. எங்களுக்கு அது தெரியாதுதானே" என்றார்.

அவர் அடுத்துச் செய்தவற்றின் ஒழுங்கு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. முதலில், எல்லோரிடமிருந்தும் அனுமதியை எடுக்கும் வரியைத் தட்டினார். பிறகு, அந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்கிப் பச்சையான காணித் துண்டுகளை வரவழைத்தார். ஏழு. ஆறுக்குக் கடித இலக்கம் இருந்தது. ஏழாவதுக்குக் கடித இலக்கத்தின் இடத்தில், எதுவும் எழுதாவிட்டால் தானாக விழும் பூச்சியம். யாரோ கை தவறி அந்தப் பொத்தானை அழுத்தி, வழக்கம்போல 'அனுமதி இல்லை' என்று வருமென்று இருந்திருக்கிறார்கள். இந்த முறை அது வரவில்லை.

முல்லைத்தீவுப் பக்கம், ஒரு சிறு குளத்தின் கீழ் இருந்த காணி. பாதிதான் முடிந்திருந்தது. உரிமையாளருக்கு அறிவித்தாகிவிட்டது. குச்சி பிடுங்கும் குழு அன்று காலைதான் அங்கே போயிருந்தது. அவர்களுடைய கைபேசிகளுக்கு அங்கே கவரேஜ் இல்லை. கந்தோர் வாகனமும் அவர்களோடுதான்.

"உம்மட ஸ்கூட்டியை எடும்" என்றார் அக்கா.

மடக்க முடியாத காலை நீட்டிக்கொண்டு பின்னால் ஏறி இருந்தார். வீதியில் ஏறியதும் நான் வேகத்தை முறுக்கினேன். அவர் தோளில் தட்டினார். "மெல்லப் போம். நாங்கள் விழுந்தால் அங்க போய்ச் சொல்ல ஆளில்லை."

வழி முழுக்க மகளின் கால்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அந்தக் கிழமைதான் பிடிக்காமல் ஆறடி நடந்திருந்தாள். அந்தக் காணியில் யார் இருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் என்று அக்காவிடம் கேட்கப் பயமாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. காணியின் இரண்டு பக்கத்துக் குச்சிகளைப் பிடுங்கிக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்திருந்தார்கள். குழுவின் பொறுப்பாளர் எங்களைக் கண்டதும், "அக்கா, சிஸ்டத்தில பச்சையெண்டு வந்தது" என்றார். வெளியே, வேலியே இல்லாத வேலி ஓரத்தில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா நின்றார். கையில் மண்வெட்டி. காலடியில் ஒரு பையில் தேங்காய், கற்பூரம்.

"உள்ள போனனீங்களோ அம்மா?" என்று அக்கா கேட்டார்.

"எப்பிடிப் போறது? வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மட்டும் ராகுகாலம். முடியட்டும் எண்டு நிக்கிறன்."

அக்கா ஊன்றுதடியைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் காணிக்கார அம்மாவுக்கும் காணிக்கும் நடுவில், குச்சி பிடுங்கிய குழிகளின் மேலேயே நிலத்தில் இருந்துவிட்டார். காலை நீட்டிக்கொண்டார். பிறகுதான் விபரத்தைச் சொன்னார்.

அந்த அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார். "பதினைஞ்சு வருசமாச் சிவப்பு எண்டியள். ரெண்டு நாளுக்கு முதல் பச்சை எண்டியள். இப்ப திரும்பவும் சிவப்போ? ஆர் இந்த விளையாட்டு விளையாடினது?"

அக்கா வாயைத் திறக்க முன்பே, "நான்தான் அம்மா" என்றேன்.

அக்கா சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ஓம். ஒரு பொம்பிளைப் பிள்ளை. ஒண்டேகால் வயது."

அவர் பையை எடுத்துக்கொண்டார். "சரி. இனி எந்த நிறம் வந்தாலும் எனக்குத் தேவையில்லை. நீ வந்து இதுக்குள்ள நடந்து காட்டு. அதுக்குப் பிறகுதான் நான் கால் வைப்பன்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

விசாரணை நடந்தது. அழுத்தியது யார் என்று முகாமையாளர் எழுத்தில் கேட்டார். அக்கா ஒரு பட்டியல் கொடுத்தார். அந்த நாட்களில் 'விடுவி'யை ஓட்டக்கூடியவர்களாக இருந்த எல்லோரும், கந்தோர் ஆட்களும் களத்து ஆட்களுமாக நாற்பத்துமூன்று பேர். அவருடைய பெயர், என் பெயர், வாயிற்காவலர், முகாமையாளர்.

"நான் கேட்டது இது இல்லை" என்றார் முகாமையாளர்.

"நடந்தது இதுதான் சேர்."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அது நியாயம்தான். அதன் கீழே, வெற்றுக் கட்டத்தைப் பற்றிச் சொல்லித்தராதது தன் பிழை என்று அக்கா எழுதிக் கையெழுத்து வைத்தார். அவர் என்னைக் காப்பாற்றினாரா, உண்மையைத்தான் எழுதினாரா என்று நான் குழம்பினேன். அவரைப் பொறுத்தவரை இரண்டும் வேறு வேறா என்பதும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அழுத்திய ஆளின் பெயரைத் தரவுத்தளம் பதிந்து வைத்திருக்கும். அதைத் திறந்து பார்ப்போமா என்று அக்காவிடம் கேட்டேன்.

"தெரிஞ்சு நீர் என்ன செய்யப்போறீர்?"

"ஒண்டும் செய்யமாட்டன். தெரியாமல் இருக்க ஏலாமல் கிடக்கு."

"அப்ப பாரும். பாத்திட்டு எனக்குச் சொல்லாதையும்."

பார்த்தேன். வேண்டுமென்று செய்யக்கூடிய ஆள் அல்ல. அடுத்த நாள் அந்த ஆள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தபோது, வாங்கிய கையைப் பார்க்காமல் தந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரலா? பழையபடி சிரித்துக் கதைக்க எனக்கு மாதக்கணக்கானது. அந்த ஆளுக்கு ஏன் என்று தெரியாது. அக்கா மட்டும் அவரோடு வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மிச்சக் காணியைத் துப்புரவு செய்ய ஆறு கிழமை பிடித்தது. நாலு மிதிவெடிகள் எடுத்தார்கள். அதில் ஒன்று கிணற்றடிக்குப் போகும் வழியில், அந்த அம்மா நின்ற இடத்திலிருந்து இருபது அடி தூரத்தில்.

கையளிக்கும் நாளில், வெடி எடுத்தவர்களே வரிசையாகக் கை கோத்துக்கொண்டு, காணியின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நடந்து காட்டுவது எங்கள் வழக்கம். அன்றும் நடந்தார்கள். அந்த அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். அசையவில்லை.

"அந்தப் பிள்ளை வரட்டும்" என்றார்.

போவதா வேண்டாமா என்று அதற்கு முதல் நாள் முழுவதும் வீட்டில் கதைத்திருந்தோம். மாமி வேண்டாம் என்றார். கணவர், "உன்னைத்தானே கேட்டவா" என்று மட்டும் சொன்னார். நான் அதுவரை ஒரு களத்திலும் கால் வைத்ததில்லை. நிலம் சுத்தம் என்று எனக்குத் தெரியும். பரிசோதகரின் கடித இலக்கத்தை நானே சரிபார்த்திருந்தேன். ஆனால் தெரிந்தது கால்களுக்குப் போய்ச் சேரவில்லை. முதல் அடியை வைத்தேன். பிறகு மற்றதை. மழைக்கு முளைத்த புல் கணுக்கால்வரை இருந்தது. கிணற்றை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பாதி வழியில் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அந்த அம்மா வந்துகொண்டிருந்தார். நான் மிதித்த இடத்தைத் தேடித்தேடி, ஒவ்வோர் அடியையும் என் அடியின் மேலேயே வைத்து வந்தார்.

"அம்மா, எங்கையும் கால் வைக்கலாம்!" என்று எல்லையில் நின்ற அக்கா கூப்பிட்டுச் சொன்னார்.

"ஓம், ஓம்" என்றார் அந்த அம்மா. ஆனால் என் அடியை விடவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானும் இறங்கினார். நாங்கள் வந்த வழியில் அல்ல. யாருமே மிதிக்காத பக்கத்தால், குறுக்காக. தடியை ஊன்றி, மடியாத காலை இழுத்து இழுத்து வந்தார். அவர் வந்த வழியெல்லாம் புல் சாய்ந்து ஒரு கோடு விழுந்தது. எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

அந்த அம்மா அந்தக் கோட்டைப் பார்த்தார். தன் கால்களைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, என் அடியை விட்டு விலகி, புல்லின் மேல் ஒரு காலை வைத்தார். பிறகு எங்கள் இருவரையும் விட்டுவிட்டு, கிணற்றுக்கு எதிர்ப்பக்கமாக, வேகமாகப் போனார். புல்லைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் நின்று, காலால் நிலத்தைத் தட்டி, எங்களைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்:

"இதிலதான் என்ர குசினி!"